சுவர் இல்லாத பக்கம்

மேடையின் நடுவில் நின்று அவள் ஒரே ஒரு தடவை கைதட்டினாள். புல்வெளிக்கு அப்பாலிருந்து அந்தத் தட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. வந்திருக்கக் கூடாது. அந்தப் பக்கம் சுவரே கிடையாது.

புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் கைதட்டிப் பார்ப்பது அவள் தொழில் தந்த பழக்கம். ஒலியமைப்பு அவள் வேலை. மேடையில் வாசிப்பவர்களின் சத்தத்தை மைக் வழியாக வாங்கி, மிக்ஸரில் அளந்து கலந்து, ஸ்பீக்கர் வழியாகக் கூட்டத்துக்குப் பரிமாறுவாள். கைதட்டினால் சத்தம் எதிலாவது முட்டித் திரும்பும். சீக்கிரம் திரும்பினால் சுவர் கிட்டத்தில், தாமதித்தால் தூரத்தில். கண்ணை மூடிக்கொண்டே சுவர் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். கல்யாண மண்டபம், மருத்துவமனை வராந்தா, மகளின் பள்ளிக்கூடம் என்று எங்கே நுழைந்தாலும் வாசலில் ஒரு தட்டு. "யாரை இப்படிக் கைதட்டிக் கூப்பிடற? ஒரு நாள் யாராவது வந்து நின்னுடப் போறாங்க" என்று கணவன் கேலி செய்வான்.

இங்கே தட்டு முட்டித் திரும்ப எதுவும் இல்லை. மேடைக்கு முன்னால் புல்வெளி சரிந்து இறங்கி, நடைபாதையைத் தாண்டி, ஏரியில் போய் முடிந்தது. அக்கரை என்று கண்ணில் பட்டது வெயிலில் நடுங்கும் ஒரு பச்சைக் கோடு மட்டும். சத்தம் முட்டிக்கொள்ள ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை. அப்படியும் தட்டு திரும்பி வந்தது, கல் சுவரில் பட்டு வந்தது போல முனை மழுங்காமல். இன்னொரு தடவை தட்டினாள். இன்னொரு தடவை வந்தது.

அன்று மாலை வாசிக்கப்போகும் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனுக்கு 'இடி' என்று பெயர். தண்ணீர்மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும் அக்கா, அக்கரையில் ஏதாவது கட்டடம் இருக்கும், மரத்தில் மறைந்திருக்கும் என்று அவன் விளக்கம் சொன்னான். குச்சியால் ஓர் அடி அடித்தும் காட்டினான். அதுவும் திரும்பி வந்தது. தாமதத்தை வைத்துப் பார்த்தால் அக்கரைதான். சரி, அப்படியானால் அங்கே ஏதோ இருக்கிறது. மனசு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் காதும் அதற்குத் தலையாட்டிவிடும். அவள் காதும் ஆட்டிவிட்டது.

ஆனால் அதே குழுவில் இருந்த அவள் தம்பிக்கு அது விளக்கம் கேட்கிற விஷயமாகவே படவில்லை. சாக்ஸபோனில் ஒரு சின்னத் துணுக்கு வாசித்து, வாயிலிருந்து எடுத்து, தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். துணுக்கு அப்படியே திரும்பியதும் அவன் முகம் மலர்ந்தது. இரண்டு வருடமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத மலர்ச்சி. "விட்டுடுக்கா, அதைச் சரி பண்ணாத. நான் அதோட சேர்ந்து வாசிக்கறேன்" என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவனுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டன. அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு விரலால் வலது காதைத் தொட்டுக் காட்டி, "அக்கா, நான் பேசறது எனக்கே கேக்கலை" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். தெருவில் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்குத்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மருத்துவமனைகள், ஊசிகள், சீட்டில் எழுதிக் காட்டிப் பேசிய மாதங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காது திரும்பியது. ஏன் போனது, ஏன் வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. மறுபடி போகாது என்று உறுதி சொல்லவும் அவர் தயாராக இல்லை.

இன்றுதான் அவன் மறுபடி மேடை ஏறுகிறான். அவளிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நடுவுல எதுக்காகவும் சத்தத்தை நிறுத்திடாதக்கா. திடீர்னு நின்னுச்சுன்னா, நின்னது ஸ்பீக்கரா என் காதான்னு எனக்குத் தெரியாது. அங்கேயே செத்துடுவேன்." அவள் அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. கோடை மாலை, அனுமதி இலவசம், ஏரிக்காற்று வேறு. யார் வேண்டாம் என்பார்கள்? ராக்கும் ஜாஸும் கலந்த, மெட்டு என்று எதையும் கையில் பிடிக்க முடியாத இந்தப் பரிசோதனை இசைக்கு இவ்வளவு ரசிகர்களா என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பாதிப் பேர் காற்று வாங்க வந்தவர்கள். மீதிப் பேர் எது வந்தாலும் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள். ஒரு முறை ஒயர் கழன்று ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தபோது முன்வரிசையில் ஒருவர் 'ஆகா' என்றதை அவளே கேட்டிருக்கிறாள். இன்னொரு முறை மின்சாரம் போய் எல்லாம் செத்துக் கிடந்தபோது, என்ன துணிச்சலான முடிவு என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த இசையில் ஒரு சௌகரியம் உண்டு. எது தவறு என்று யாருக்கும் தெரியாது.

அவள் மிக்ஸர் புல்வெளியின் நடுவில், ஒரு துணிப் பந்தலுக்குக் கீழே இருந்தது. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் பாதிக் கூட்டம் அவள் முதுகுக்குப் பின்னால். கடைசியில், நடைபாதையை ஒட்டி, கணவனும் ஏழு வயது மகளும் பாய் விரித்திருந்தார்கள். மகளை வீட்டில் கூப்பிடுவது 'வாலு' என்று. யாரோ பிறந்தநாளில் கொடுத்த சிவப்பு ஊதல் ஒன்று அவள் கழுத்தில் தொங்கியது. மாமா வாசிக்கும்போது ஊதக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் மாறி மாறிச் சொல்லியிருந்தார்கள். அதனால் நிச்சயம் ஊதுவாள்.

முதல் உருப்படி தொடங்கியது. பேஸ் கிட்டார் தரைக்கு அடியில் உருண்டது, இடி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான், அவற்றின் மேலே தம்பியின் சாக்ஸபோன் தயங்கித் தயங்கி ஏறி, ஓர் இடத்தில் நின்று, திரும்பி வரப்போகும் தன் குரலுக்காகக் காத்திருந்தது. நனைந்த புல்லின் வாசனை, ஏரியின் பாசி வாசனை, வெயிலில் நாளெல்லாம் கிடந்து சூடேறிய ஒயர்களின் ரப்பர் வாசனை. பின்னாலிருந்து எதிரொலி வந்து அவள் பிடரியைத் தொட்டுக்கொண்டு மேடைக்குப் போனது. கூட்டம் முணுமுணுவென்று மகிழ்ந்தது. நடுவில் கீச்சென்று ஊதல் சத்தம். அவள் பல்லைக் கடித்தாள், சிரித்தும் கொண்டாள்.

இரண்டாவது உருப்படியின் பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. எதிரொலி கொஞ்சம் முந்தி வந்தது.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் வைத்திருந்த விரல் அப்படியே நின்றது. இடி அடுத்த அடி அடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள். ஆமாம். கச்சேரிக்கு முன் சவுண்ட் செக்கில் அக்கரையிலிருந்து வந்தது இப்போது ஏரியின் நடுவிலிருந்து வந்தது. மாலைக் காற்று குளிரக் குளிர ஒலியின் போக்கு கொஞ்சம் மாறும், படித்ததுதான், அனுபவித்ததும்தான். ஆனால் ஒரு டிகிரி இரண்டு டிகிரி குளிர்ச்சி ஒரு சுவரைத் தூக்கி ஏரி நடுவில் வைக்காது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஏரியின்மேல் கடைசி வெளிச்சம் பித்தளைத் தட்டு போலக் கிடந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கலப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். மெல்ல வாசித்தபோது அது இருந்த இடத்தில் இருந்தது. ஓங்கி அடித்தபோதெல்லாம் கொஞ்சம் நகர்ந்து வந்தது. கூப்பிடக் கூப்பிட ஓரெட்டு எடுத்து வைப்பது போல. ஏரிக்கரைத் தவளைகள் அந்தி சாய்ந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தவை, எப்போது நிறுத்தின என்று அவளுக்கு நினைவில்லை. நிறுத்தியிருந்தன என்பது மட்டும் தெரிந்தது. நடைபாதை ஏரிக்குள் நீளும் கோடியில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் நின்று மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். நிற்காமல் ஆட்டினார். பித்தளை மணி, இத்தனை தூரத்துக்கு நன்றாகக் கேட்க வேண்டிய மணி. அதன் சத்தம் இங்கே வரவில்லை.

வாசிப்பின் இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மேடையில் தம்பி தனியாக வாசிக்க வேண்டிய கட்டம் வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, அவன் முன்னால் வந்து, மைக்கை ஒட்டி நின்று, ஒரு துணுக்கை எறிந்தான். அது திரும்பியது. எதிர்பார்த்ததைவிட விரைவாக. அவன் சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு. இன்னும் விரைவாக ஒன்றை எறிந்தான். அது இன்னும் விரைவாகத் திரும்பியது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்த ஒருவன் தன் காதை நம்பி, கண்ணை மூடி, மூச்சு முழுவதையும் கொட்டிக்கொண்டிருந்தான். இதைவிட நன்றாக அவன் எந்த நாளிலும் வாசித்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் எறிவதற்கும் திரும்புவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. நடைபாதை. இப்போது அது நடைபாதையில்.

ஊதல் சத்தம் கேட்டு வெகு நேரமாயிற்று என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாடா, அவள் அப்பா பிடுங்கி வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. திரும்பினாள்.

மகள் ஊதிக்கொண்டிருந்தாள்.

பாயின்மேல் நின்றுகொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, கழுத்து நரம்பு தெரிய ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு வாயிலிருந்து எடுத்து, ஓட்டைக்குள் ஒரு கண்ணால் பார்த்து, தொடையில் தட்டி, மறுபடி ஊதினாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் குளித்து எழுந்தவர் போலத் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் தோழியைப் பிடித்து உலுக்கி என்னவோ கேட்டாள். தோழி வாயசைத்தாள். மற்றவர்கள், கடைசி வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள், இதுவும் இசைதான் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கணவனுக்கு போன் அடித்தாள். அவன் சட்டைப்பையில் வெளிச்சம் தெரிவதும், அவன் எடுத்துக் காதில் வைப்பதும், உதடு அசைவதும் இங்கிருந்தே தெரிந்தது. அவள் காதில் வெறும் வெறுமை. இரைச்சல்கூட இல்லாத வெறுமை. "இங்க வாங்க, அவளைத் தூக்கிட்டு ஓடி வாங்க" என்று கத்தினாள், கையை வீசினாள். அவன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, புரியாமல், சிரித்து, பதிலுக்குக் கையசைத்தான்.

மேடையிலிருந்து இன்னொரு துணுக்கு. உடனே அது திரும்பியது. கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரின் குரல், கத்தரியால் நறுக்கியது போல, நின்றது. அவர்கள் வாய் நிற்கவில்லை.

சத்தத்துக்குத்தான் அது வருகிறது.

ஓடிப்போய் மகளைத் தூக்கலாம். ஆனால் ஓடும் நேரமெல்லாம் இவன் வாசித்துக்கொண்டிருப்பான், அது வந்துகொண்டிருக்கும். நிறுத்த வேண்டும். ஒரு ஃபேடர். ஒரு விரல். விரல் அதன்மேல்தான் இருந்தது. நின்னது ஸ்பீக்கரா என் காதான்னு எனக்குத் தெரியாது. தம்பி கண்ணை மூடியிருந்தான். முகம் சின்னப் பையன் முகம் போல இருந்தது. இந்த ஒரு மூச்சு முடியட்டும் என்று நினைத்தாள். அவன் அதை முடிக்காமல் அடுத்த மூச்சை இழுத்தான். இதுவும் முடியட்டும் என்று நினைத்தாள். அதற்குள் இன்னொரு வரிசை ஊமையானது.

ஃபேடரைக் கீழே இழுத்தாள்.

ஸ்பீக்கர்கள் செத்தன. மைக் இல்லாத சாக்ஸபோன் மெலிதாக ஒரு கணம் அலைந்துவிட்டு நின்றது. தம்பி கண்ணைத் திறந்தான். நிறம் வடிந்த முகம். இரண்டு விரல் எழுந்து வலது காதைத் தொட்டது. அவள் பந்தலுக்கு வெளியே பாய்ந்து, இரண்டு கையையும் ஆட்டி, தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். நான்தான்டா. உன் காது இல்லை. நான்தான்.

அமைதி. காற்றில் பந்தல் துணி படபடத்தது, கேட்டது. அவள் மூச்சு கேட்டது. பின்னால் எதுவும் நகரவில்லை. நின்றுவிட்டது. சத்தம் இல்லை, அதனால் நின்றுவிட்டது. எல்லோரும் ஐந்து நிமிடம் இப்படியே, வாயை மூடிக்கொண்டு, மெல்ல எழுந்து போய்விட்டால் போதும்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். முகமெல்லாம் பரவசம். கையைத் தூக்கினார்.

"வேண்டாம்" என்றாள்.

அவர் தட்டினார். பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். எவ்வளவு துணிச்சலான முடிவு! வரிசை வரிசையாக எழுந்தார்கள், தட்டினார்கள், சீட்டியடித்தார்கள், காலால் தரையை உதைத்தார்கள். அன்று மாலை அந்தப் புல்வெளியில் எழுந்த சத்தத்திலேயே பெரிய சத்தம் அதுதான். தம்பிக்கு அது கேட்டது. விரல் காதிலிருந்து இறங்கியது. உயிர் திரும்பியவன் போலச் சிரித்து, இடுப்பை வளைத்து வணங்கினான்.

அவள் பின்னால் திரும்பினாள்.

கைதட்டல் பின்னாலிருந்து அணைந்துகொண்டு வந்தது. கைகள் தட்டிக்கொண்டே இருந்தன, சத்தம் மட்டும் அணைந்தது. ஒரு வரிசை. அடுத்த வரிசை. தெருவிளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு ஒருவர் நடந்து வருவது போல. நடையில் அவசரமே இல்லை. காதில் ஓர் அழுத்தம். பந்தல் துணி படபடப்பு நின்றது. துணி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூச்சு கேட்கவில்லை.

அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். முன்வரிசை. மேடை. வணங்கி நிமிர்ந்த தம்பி சிரித்த முகத்தோடு ஒரு கணம் நின்றான். இரண்டு விரல் எழுந்து வலது காதைத் தொட்டது. அவன் அக்காவைப் பார்த்தான். இந்தத் தடவை அவளிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

தட்டிய கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கி நின்றன. புல்வெளி முழுக்க மனிதர்கள் நின்றபடி ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள்.

காலில் எதுவோ மோதியது. மகள். அத்தனை பேர் காலுக்கிடையிலும் புகுந்து ஓடி வந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாய் அகலத் திறந்து, அம்மா, அம்மா என்று. வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன விலா எலும்புகள் அவள் மார்பில் அதிர்ந்தன. கத்துகிறாள். கத்துவது உடம்பில் தெரிகிறது, காதில் இல்லை. முதுகைத் தடவினாள். ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல. தான் சொன்னது தனக்கே கேட்கவில்லை.

அதிர்வு நின்றது.

மகள் கத்துவதை நிறுத்திவிட்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேலே, ஏரிப் பக்கம், எதையோ பார்த்தாள். பிறகு கண்ணை மெல்ல உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். தலை பின்னால் சாயும்வரை.

மேடையில் தம்பியும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பவில்லை. மகளின் தலையைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

அப்போது, எதுவுமே கேட்காத அந்தப் புல்வெளியில், அவள் பிடரிக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், ஒரே ஒரு தடவை, யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள்.